கவனிக்க ஆளில்லை என்பதற்கான சான்று

1

“உங்கள் தாயாரைக் கவனித்துக்கொள்ள அந்த ஊரில் ஒருவருமே இல்லை என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்?”

என்னிடம் இதைக் கேட்டவர் ஒரு வழக்கறிஞர். இங்கிலாந்தின் வடக்கே, பதினான்கு ஆண்டுகளாக நான் வாழும் நகரத்தில், ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. கேட்டுவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கீழிருந்து உருகும் வெண்ணெயின் மணம் வந்துகொண்டிருந்தது. சமூகப்பணியில் முதுகலை படித்தவள் நான். ஒரு சொல்லைச் சொல்லுமுன் அது யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எண்ணிப் பார்க்கப் பழகியவள். அன்றும் எண்ணிப் பார்த்தேன். அம்மா, மகள், கணவர், என் வேலை, நாங்கள் குடியிருக்கும் வீட்டின் அளவு, எல்லாவற்றையும் எண்ணினேன். ஒரு பெயர் மட்டும் விடுபட்டுப் போனது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்து இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

என் அம்மா ஆரோக்கியமேரிக்கு எழுபத்திரண்டு வயது. கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறார். அப்பா காலமாகிவிட்டார்; நான் ஒரே பிள்ளை. சில ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதம் அம்மாவின் இடக்கையை முழுவதுமாகவும் இடக்காலைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டது. அவரை இங்கே அழைத்துவந்து என்னோடு வைத்துக்கொள்ள விண்ணப்பித்தேன். இந்நாட்டு விதிப்படி இரண்டு செய்திகளை நான் காட்ட வேண்டும். அன்றாடத் தேவைகளை அம்மாவால் தானே செய்துகொள்ள முடியாது என்பது ஒன்று. அவற்றைச் செய்துகொடுக்க அங்கே ஆள் இல்லை என்பது மற்றொன்று.

முதலாவது உண்மை. இரண்டாவது உண்மையில்லை. எதிர்வீட்டில் பச்சையம்மா இருந்தார்.

2

சோதிப்பதற்கும் நிரூபிப்பதற்கும் எதிர்ப்பதற்கும் ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் உண்டு என்பதை இங்கே வந்த பிறகுதான் உணர்ந்தேன். டெஸ்ட், ட்ரையல், அசெஸ்மென்ட், எவிடன்ஸ், ப்ரூஃப், வெரிஃபை, அட்டெஸ்ட், சேலஞ்ச், கன்டெஸ்ட், டிஸ்ப்யூட், அப்பீல். வந்த முதல் ஆண்டில் ஒரு குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இவற்றை எழுதத் தொடங்கினேன். பக்கம் நிறைந்ததும் பின்னட்டையின் உட்புறத்தில் எழுதினேன். பிறகு விட்டுவிட்டேன்.

இவற்றில் பாதி, ஊரிலேயே நான் புழங்கிய சொற்கள். கள்ளக்குறிச்சியில் ப்ரூஃபு என்றால் ஜெராக்ஸ். “ப்ரூஃபு ரெண்டு காபி எடுத்துக்கினு வாம்மா” என்பார் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதும் பெரியவர். அட்டெஸ்டட் என்றால் பச்சை மையில் ஒரு கையெழுத்து. அதற்காக ஒரு தலைமையாசிரியர் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கு நின்றிருக்கிறேன். டெஸ்ட் என்றால் சர்க்கரையும் பிரஷரும். கன்டெஸ்ட் பண்ணுவது வார்டு தேர்தலில். இந்தச் சொற்கள் அங்கே நம்மைப் பகல் முழுக்க வரிசையில் நிற்கவைக்கும், எரிச்சலூட்டும். ஆனால் மனு எழுதும் பெரியவருக்கு என் அப்பாவின் பெயரும் தெரியும், நான் எந்தப் பள்ளியில் படித்தேன் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஜெராக்ஸ் கேட்பார்.

இங்கே இந்தச் சொற்களால்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். நகராட்சியின் முதியோர் நலப் பிரிவில் எனக்கு வேலை. வீடு வீடாகப் போய், அங்கிருக்கும் முதியவருக்கு உதவியாள் தேவையா என்று மதிப்பிட வேண்டும். தானே எழுகிறாரா, தானே உடுத்துகிறாரா, தானே ஒரு சூடான பானம் தயாரிக்கிறாரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குப் பக்கத்தில் ‘எவிடன்ஸ்’ என்று ஒரு வெற்றிடம்.

ஒரு குளிர்காலத்தில் வால்டர் என்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரின் வீட்டுக்குப் போனேன். கை நடுங்கும் நோய் அவருக்கு. நான் உட்கார்ந்ததும் அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். வெகுநேரம் பீங்கான் உரசும் ஓசை கேட்டது. கடைசியில் ஒரு தட்டில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன. தேநீரில் பாதி தட்டில் கிடந்தது. வீடு தேடி வந்தவருக்கு இதுகூடக் கொடுக்காமல் எப்படி என்றார். சூடான பானம் என்ற கட்டத்தில் ‘இயலும்’ என்று குறித்தேன். கண்டதைக் குறிப்பது என் கடமை. அவர் அந்த மதிப்பீட்டை எதிர்த்து எழுதினார். விசாரணைக் கூட்டத்தில், அவர் தேநீர் தயாரித்ததை நேரில் பார்த்தேன் என்றேன். வால்டர் மறுக்கவில்லை. அந்தத் தேநீரைக் குடித்தவள் நான்தான்.

ஆகவே, மானமுள்ளவர்கள் இத்தகைய சோதனைகளில் எப்படித் தோற்பார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

3

நான் பார்த்த முதல் டெஸ்ட், வெள்ளிமலையில்.

அம்மா அங்கே ஒரு மாணவர் விடுதியில் முப்பது ஆண்டுகள் சமையல் வேலை பார்த்தார். திங்கட்கிழமை காலை மலைப்பேருந்தில் ஏறிப் போவார்; சனிக்கிழமை இறங்கி வருவார். வாரநாட்களில் எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது பச்சையம்மாதான். எதிர்வீட்டுக்குப் புதுமணப்பெண்ணாக அப்போதுதான் வந்திருந்தார். அம்மாவை அக்கா என்பார். ஆகவே எனக்குச் சின்னம்மா.

கோடை விடுமுறைக்கு முந்தைய நாட்களில் நானும் மலைக்குப் போவதுண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் சமைத்தவர் ஒரு கை உண்டு பார்க்க வேண்டும், பார்த்ததற்கு ஒரு பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது விடுதியின் விதி. மற்ற சமையல்காரர் அந்தப் பதிவேட்டில் திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அம்மா அப்படிச் செய்யமாட்டார். நாள்தோறும் பிள்ளைகளின் வரிசைக்கு முன்னால் நின்று, சோற்றில் ஒரு பிடி எடுத்து உண்டு, தண்ணீர் குடித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார். அவருக்குக் காய்ச்சல் வந்து வாய் கசந்த நாளிலும் அப்படித்தான்.

“இன்னா மேரியம்மா, ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ நேரமா?” என்று காப்பாளர் கேட்பார்.

“துன்னேன்னு எழுதி இருக்கறப்ப துன்னாதான சார் கையெழுத்து?” என்பார் அம்மா.

இதைப் பச்சையம்மாவிடம் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. “ஆமா, அப்புறம்?” என்றார்.

4

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் நாள், பச்சையம்மா பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் நேரத்தில் தொடங்கியது. அவருக்கு இரண்டு கறவை மாடுகள். விடியலில் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு, காலி கேனோடு நேரே அம்மாவின் வீட்டுக்குள் நுழைவார். குளிக்கவைப்பார். சேலை கட்டிவிடுவார். மாத்திரையை வலக்கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரே நிற்பார். நான் பலமுறை வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்திருக்கிறேன். இங்கே எனக்கு அது முந்தைய நாளின் மிச்சம். அங்கே அவர்களுக்கு விடிந்திருக்கும்.

“கொசுவம் கோணலா கீது பச்ச.”

“கோணலா இருந்தா ஃபாதரு கோயிலுக்குள்ள வுடமாட்டாரா? நில்லு அசையாம. மகாராணிக்கு எட்டு மடிப்பு வேணுமாம், எட்டு.”

“ஏழு வச்சா பின்னால தூக்கிக்கும்.”

“தூக்கட்டும். உன்ன யாரு பொண்ணு பாக்க வராங்க?”

இருவரும் சிரிப்பார்கள். படம் குலுங்கும்.

விண்ணப்பத்துக்கு மருத்துவச் சான்று தேவைப்பட்டது. அம்மாவிடம் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னேன்.

“அம்மா, டாக்டரு கேட்டா முடியாதத முடியாதுன்னு சொல்லு. சேல கட்ட வருமான்னு கேட்டா வராதுன்னு சொல்லு.”

“நல்லா இருக்குதே. வயசுப் புள்ள அவரு. அவராண்ட போயி எனக்குச் சேல கட்ட வராதுன்னா இன்னா நெனப்பாரு?”

“கை வரலன்னு தானம்மா சொல்ற.”

“சரி, சொல்றேன். நீ சாப்டியா?”

கள்ளக்குறிச்சி மருத்துவர் எழுதிய அறிக்கையில், நோயாளி நேர்த்தியாக உடுத்தியிருந்தார், தெளிவாகப் பேசினார், தனக்குப் பெரிய சிரமம் இல்லை என்றார் என்று இருந்தது. அந்த நேர்த்தி பச்சையம்மாவின் கைவேலை. அதை எழுத அறிக்கையில் இடம் இல்லை.

அதைவிடப் பெரிய பிழை எனக்குத் தெரியாமல் நடந்தது. வெளிநாட்டு அலுவலகத்துக்குக் கடிதம் தேவை என்பது மட்டும் ஊரில் பரவியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் கடிதம் என்றால் நற்சான்று. ஒருவரைப் பற்றி அரசாங்கம் கேட்டால், அவர் நல்லவர், நாலு பேர் உள்ளவர் என்று எழுதிக்கொடுப்பதே மரியாதை. பச்சையம்மா மகளிர் குழுவின் தலைவி. டிடிபி கடையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்யச் சொல்லி, இருபத்துமூன்று பெண்களிடம் கையெழுத்து வாங்கி, குழுவின் முத்திரையைக் குத்தி, லேமினேஷன் போட்டுவிட்டார். சென்னையில் விசா மையத்துக்கு அம்மாவைப் பேருந்தில் அழைத்துப்போன அன்று, மற்ற தாள்களோடு அதையும் கொடுத்தார். ‘ஆரோக்கியமேரி அவர்களை நாங்கள் அனைவரும் சொந்தத் தாயைப் போல் கவனித்து வருகிறோம். அவருக்கு இங்கு ஒரு குறையும் இல்லை.’

மறுப்புக் கடிதத்தைப் படித்துத்தான் இதை அறிந்தேன். விண்ணப்பதாரரைச் சுற்றி அக்கறையுள்ள மனிதர்கள் இருப்பது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே கவனிப்பு கிடைக்கவில்லை என்ற கூற்றில் தமக்குத் திருப்தியில்லை என்று அந்த அதிகாரி எழுதியிருந்தார்.

ஊருக்கு அழைத்தேன்.

“சின்னம்மா, லெட்டர் எதுனா குடுத்தியா?”

“குடுத்தேனே. லேமினேசன் போட்டு. ஏன் பாப்பா, சீலு வெளங்கலியா?”

“இல்ல... அப்படி ஏன் எழுதுன?”

“பின்ன எப்டி எழுதறது? கேக்க நாதியில்லாத பொம்பளைன்னு நெனச்சிட்டா வெள்ளக்காரன் உள்ள வுடுவானா?”

சீல் நன்றாகத் தெரிந்தது என்று மட்டும் சொன்னேன்.

5

மறுப்பை சேலஞ்ச் செய்யலாம் என்றார் வழக்கறிஞர். நிரூபிக்கும் பாரம் விண்ணப்பிப்பவருடையது, அரசுடையது அல்ல என்று நினைவூட்டினார். அப்போதுதான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்து யாருடையதோ, அவரே தாம் கவனிப்பதில்லை என்று உறுதிமொழி கொடுத்தால் வழக்குக்கு வலு சேரும் என்றார். உண்மையைத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

உறுதிமொழியின் வரைவை வீட்டில் மேசைமீது வைத்திருந்தேன். என் மகள் லீனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியின் விவாதக் குழுவில் இருந்தாள். ‘ப்ரூவ் இட்’ என்பது அந்த ஆண்டு அவள் வாயில் ஓயாத சொல். பல் தேய்த்தாயா என்றால் ப்ரூவ் இட். மழை வரும் என்றால் ப்ரூவ் இட். தமிழ் அவளுக்குப் புரியும், பேச வராது. வரைவைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்:

“இது உண்மை இல்லையே? அந்த ஆன்ட்டி ஆயாவுக்கு சாரி கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.”

“அவங்க எப்பவும் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது லீனா.”

“ஆனால் இப்போது இருக்கிறார்.”

“ஆயா இங்க வரணுமா, வேணாமா?”

அவள் தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். விவாதத்தில் நான் வென்றுவிட்டேன். அதன்பிறகு அவள் இந்த வழக்கைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ப்ரூவ் இட் என்று சொல்வதையும் அந்தப் பருவத்திலேயே நிறுத்திக்கொண்டாள். வயது காரணமாக இருக்கலாம்.

6

பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். சின்னசேலத்தில் ரயிலைவிட்டு இறங்கியபோது வெயில் நேராகத் தலையில் விழுந்தது. வீடு சேர்ந்து, அம்மாவிடம் பேசிவிட்டு, எதிர்வீட்டின் பின்புறம் போனேன். பச்சையம்மா தொட்டியில் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா, வந்ததும் வராததுமா மாட்டாண்ட வந்து நிக்கற? உங்கூர்ல மாடு இல்லியா?”

“சின்னம்மா, ஒரு கையெழுத்து வேணும்.”

“ஒண்ணு இன்னாத்துக்கு, குழுவுல சொல்லி எல்லாராண்டயும் வாங்கிடலாம்.”

“வேணாம். உன்னுது மட்டும் போதும். அதுல... அம்மாவ நீ பாத்துக்கறது இல்லன்னு எழுதணும்.”

தவிட்டில் சுழன்ற கை நின்றது.

“இல்லன்னா?”

“யாருமே பாத்துக்கலன்னு. பாத்துக்க ஆளு கீதுன்னா அம்மாவ அங்க வுடமாட்டாங்க.”

“ஆளு இருந்தா அந்தூர்ல தப்பா?”

“தப்பு இல்ல. சட்டம் அப்படி.”

“அது பொய்யி தான பாப்பா?”

நான் ஆயத்தமாக வந்திருந்தேன். விமானத்திலேயே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். “நீ எத்தினி வருஷம் பாத்துப்ப சின்னம்மா? உனக்கும் முட்டி வலி. நாளைக்கே உன் பொண்ணு கூப்புட்டான்னு சேலத்துக்குப் போயிட்டா அம்மாவுக்கு யாரு? அப்ப வரப்போறதத்தான் இப்பவே எழுதறோம்.”

“அப்ப நாளைக்கித் தேதி போட்டு எழுது.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாடு தொட்டியை முட்டியது. கையைக் கழுவி முந்தானையில் துடைத்தார்.

“அக்கா உன்னாண்ட வந்து இருந்தா நல்லதுதான். பெத்த பொண்ணு செய்யற மாதிரி வருமா? போடறேன். மேரிக்காகிட்ட மட்டும் சொல்லாத.”

மறுநாள் கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்கு எதிரே, ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நோட்டரியிடம் போனோம். ஆங்கிலத்தில் இருந்ததை அவர் தமிழில் படித்துக்காட்டினார். ஆரோக்கியமேரி என்பவரை நான் கவனித்துக்கொள்வதில்லை. அவருக்கு உடுத்திவிடவோ, உணவோ மருந்தோ கொடுக்கவோ நான் போவதில்லை. வேறெவரும் போவதாகவும் எனக்குத் தெரியாது. முன்பு கொடுத்த கடிதம் மரியாதை நிமித்தம் எழுதப்பட்டது. மேற்கண்டவை அனைத்தும் உண்மை எனச் சத்தியமாக உறுதி கூறுகிறேன்.

“புரிஞ்சுதாம்மா? எல்லாம் உண்மைதான?”

பச்சையம்மா என்னைப் பார்த்தார். “ஆமாங்க சார்” என்றார். எழுத்துக்கூட்டிப் பெயரை எழுதினார். ‘ச்’சின் புள்ளியை மறந்துவிட்டு, திரும்பி வந்து வைத்தார்.

திரும்பும்போது வெள்ளிமலைப் பேருந்தில் இடம் கிடைத்தது. எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். பச்சையம்மா சன்னலோரம் உட்கார்ந்து வெளியே கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“சத்தியமான்னு போட்டுகீதா அதுல?”

“அது சும்மா, ஃபார்முக்காக சின்னம்மா.”

“சத்தியத்துல சும்மா சத்தியம், நெசம் சத்தியம்னு ரெண்டு கீதா?”

நான் தாள் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

“யாராச்சும் நேர்ல வந்து பாப்பாங்களா பாப்பா?”

வரமாட்டார்கள் என்று எனக்கு ஏறக்குறைய உறுதியாகத் தெரியும். ஆயினும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்று எண்ணினேன். என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. “வந்தாலும் வருவாங்க. வந்து கேட்டா, நான் போறதில்லன்னு சொல்லிடு” என்றேன்.

அவர் தலையசைத்தார். நிறுத்தம் வந்தது. இறங்கினோம்.

7

மூன்று மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதி மென்மையாகப் பேசினார். என்னை இருமுறை தண்ணீர் குடிக்கச் சொன்னார். அரசுத் தரப்பில் வந்தவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். லேமினேஷன் செய்த தாள் விளக்கொளியில் பளபளத்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து என்றார். வேறெதுவும் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு அஞ்சலில் வந்தது. எதை நிரூபிக்க வேண்டும் என்று தெரியாதபோது எழுதப்பட்டது முதல் கடிதம். தெரிந்த பிறகு எழுதப்பட்டது இரண்டாவது. முதல் கடிதத்தையே தாம் நம்புவதாக நீதிபதி எழுதியிருந்தார். அவர் நம்பியது சரி. நான் இத்தனை ஆண்டுகளில் படித்த மதிப்பீடுகளில் மிகத் துல்லியமானது அது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று இரண்டு வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது, இரண்டையும் பார்த்தேன்.

மதிய இடைவேளையில் பச்சையம்மாவை அழைத்தேன். அங்கே மாலை, மாடு கறக்கும் நேரம்.

“கேஸு தோத்துப்போச்சு சின்னம்மா.”



“ஏன் பாப்பா? நான்தான் போறதே இல்லியே.”

“எங்க?”

“அக்காவாண்ட. நீ ஏரோப்ளேன் ஏறுன நாள்லருந்து ஒரு நாளுகூடப் போல. நாலு மாசமாச்சு. வந்து பாத்தாலும் பாப்பாங்கன்னு சொன்னியே. பாலு ஊத்திட்டு வர்றப்பகூட அந்த வழியா வர்றதில்ல, ஏரிக்கரையாண்ட சுத்திக்கினு வரேன். கையெழுத்துப் போட்டுட்டு அப்பாலிக்குப் போனா அது பொய்யாயிடும்ல? உன் கேஸு கெட்டுடக் கூடாதுன்னுதான்... அப்புறம் எப்டி தோத்துச்சி?”

கையில் இருந்த சாண்ட்விச்சை உறையில் திரும்ப வைத்தது நினைவிருக்கிறது. அந்த நான்கு மாதங்களும் அம்மா தொலைபேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்துப் பேசியதும், கேமரா சரியில்லை என்று சொன்னதும், பச்சையம்மா எங்கே என்றால் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றதும் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன.

“இனிமே போ சின்னம்மா. இன்னிக்கே போ.”

“எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது பாப்பா? எதிர்வூட்லயே இருந்துக்கினு நாலு மாசம் எட்டிப் பாக்கல. அக்கா ஒரு நாளு வாசப்படியில நின்னு ‘பச்ச’ன்னு கூப்புட்டாங்க. நான் உள்ளயே ஒக்காந்துக்கினு இருந்தேன்.”

பிறகு அம்மாவை அழைத்து, நடந்தது முழுவதையும் சொன்னேன். குற்றம் என்னுடையது, பச்சையம்மாவுடையது அல்ல என்றேன். அம்மா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“அவ இன்னா பண்ணுவா, போட்ட கையெழுத்துக்கு நின்னுகிறா” என்றார். பிறகு, “எனுக்கு ஆளு இல்லன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டீங்க ரெண்டு பேரும். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்” என்றார். குரலில் கோபம் இல்லை. நான் சாப்பிட்டேனா என்று அன்று கேட்கவில்லை.

நான் கெஞ்சியதன் பேரில் பச்சையம்மா ஒருமுறை போயிருக்கிறார். அம்மா அவரை உட்காரவைத்து, ஒற்றைக் கையால் காபி கலந்து கொடுத்திருக்கிறார். பாதி கீழே சிந்தியிருக்கிறது. இருவரும் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். “வந்தவங்களுக்குக் குடுக்கற மாதிரி டம்ளர்ல குடுத்தாங்க பாப்பா” என்றார் பச்சையம்மா. அதன்பிறகு அவர் போகவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை.

8

சூழ்நிலை மாறியிருந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று வழக்கறிஞர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். மாறியிருக்கிறது. சென்ற வாரம் படிவத்தைத் திறந்தேன். விண்ணப்பதாரர் உடுத்திக்கொள்ள யார் உதவுகிறார் என்ற கேள்விக்கு, ஒருவரும் இல்லை என்று தட்டச்சு செய்தேன். மாத்திரைகளை யார் எடுத்துக் கொடுக்கிறார் என்பதற்கும் அதே விடை. இம்முறை எதையும் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. பச்சையம்மா நோட்டரிமுன் கையெழுத்திட்ட தாளையும் எடுத்து வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். கவனிப்பதில்லை என்று சொல்லும் வரிகளில் இன்று பொய் இல்லை.

படிவத்தைச் சேமித்து மூடினேன். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் பச்சையம்மா மறுபடி கையெழுத்திட வேண்டியிருக்கும், கேட்டால் போடுவார்.

அம்மா இப்போது நைட்டிதான் உடுத்துகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதில்லை.